கட்டு அவிழ்ந்த சொல்

ஓசூரில் 'மாடல்' என்பது பொருளுக்கு முன்னால் வருவது. வார்ப்படத்துக்கு முதலில் பேட்டர்ன் செய்வார்கள், இரும்பு பிறகுதான். அருங்காட்சியகத்தில் இது தலைகீழ். பொருள் புழக்கத்திலிருந்து போன பிறகே அங்கே மாடல் வருகிறது. இந்த இரண்டில் எதில் சேர்ப்பது என்று தெரியாத ஒன்றை, சிப்காட் பக்கம் ஒரு டூல் ரூமில் ஃபிட்டராக இருக்கும் நண்பரின் வாடகை வீட்டில் பார்த்தேன்: ஃபிஜித் தீவுகளின் 'துருவா' என்னும் பாய்க்கலத்தின் சிறு வடிவம்.

சுவா அருங்காட்சியகத்தில் உள்ள 'ரத்து ஃபினாவ்' என்ற துருவா 1913இல் கட்டப்பட்டது. நீளம் 13 மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். நண்பர் அதை இருபதில் ஒரு பங்காக்கி 67 சென்டிமீட்டருக்குள் கொண்டுவந்திருந்தார். பெரிதும் சிறிதுமாக இரண்டு உடல்கள், மேலே மேடை, நண்டுக் கொடுக்கு போன்ற பாய். சிறிய உடல் எப்போதும் காற்று வரும் பக்கம் இருக்க வேண்டும். எனவே திசை மாற்றப் பாயை மறுமுனைக்குத் தூக்கிப் போகிறார்கள், முன், பின்னாகிறது. இருமை எதிர்வு குலைகிறது என்று எழுதிவிட்டு எழுந்து போய்விடலாம். நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன்.

"அதெல்லாம் சரி தோழர், ஆணி எங்கேன்னு பாத்தீங்களா?" என்றார். ஆணி இல்லை. தேங்காய் நாரைத் திரித்துப் பின்னிய கயிறுதான் துருவாவைச் சேர்த்து வைத்திருக்கிறது. சென்னைக் கரையின் மசுலாப் படகும் கயிற்றால் தைத்ததுதான். முதலில் செய்ததை அவர் ஃபெவிக்விக்கில் ஒட்டினாராம். பார்க்க அச்சாக இருந்திருக்கிறது. "ஒட்டினா நிக்குது, கட்டினா அசையுது. கடல்ல அசையாதது ஒடஞ்சிடும்ல?" இரண்டாவதை நூலால் கட்டினார். ஐந்து மாத ஞாயிற்றுக்கிழமைகள்.

அளவு என்பதன் அரசியல் இங்கேதான் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டில் பாரி என்ற ஃபிரெஞ்சுக் கடற்படை அதிகாரி சோழமண்டலக் கரையின் கலங்களையும் பசிபிக் கலங்களையும் வரைந்தார். பாரிஸ் கடற்படை அருங்காட்சியகத்தின் பொறுப்பேற்று மாதிரிகள் செய்வித்தார். சென்னை மாகாண மீன்வளத் துறை இயக்குநராயிருந்த ஜேம்ஸ் ஹோர்னெல் நம் படகுகளைப் பதிவு செய்தவர். ஓஷியானியக் கலங்கள் பற்றி 1936இல் வந்த நூலில் ஃபிஜியை எழுதியவரும் அவரே. இவர்கள் இல்லாவிட்டால் நண்பர் கையில் அந்த ஜெராக்ஸ் வரைபடம் இருந்திருக்காது. மறுப்பதற்கில்லை. ஆனால் வரைபடம் உருவத்தைத் தரும், கைப்பழக்கத்தைத் தராது. டூல் ரூமில் அவருக்கு வரும் ட்ராயிங்கும் வேறெங்கோ, வேறு யாரோ போட்டதுதான். அறிவு அங்கே, கை இங்கே என்ற பிரிவினையை ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தன் மட்டில் சரிசெய்து பார்க்கிறார்.

சொல்லுக்கும் இதுவே நேர்ந்தது. மரங்களைச் சேர்த்துக் கட்டியது கட்டுமரம். கரையேறியதும் அவிழ்த்துக் காயப்போடலாம். ஆங்கிலத்துக்குப் போய்க் 'கேட்டமரன்' ஆன பிறகு, இரட்டை உடல் கொண்ட எந்தப் படகுக்கும், துருவாவுக்கும்கூட, அதுவே பெயர். ஃபைபரில் வார்த்தாலும் கேட்டமரன்தான். கட்டு சொல்லில் இருக்கிறது, பொருளில் இல்லை.

இது நமக்குச் செய்யப்பட்டது, நாம் செய்ததல்ல என்று நிம்மதி கொள்ள முடியவில்லை. ஃபிஜி என்றால் தமிழ் வாசகருக்குப் பாரதியின் கரும்புத் தோட்டம். 1903 முதல் 1916 வரை சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் துயரம் பொய்யல்ல. ஆனா, அந்தத் துயரத்தைப் படித்த நாம், அந்த மண்ணுக்கு ஏற்கெனவே உரியவர்கள் இருந்தார்கள் என்று ஒருமுறையாவது கேட்டோமா? நம்மவர்கள் போய் இறங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் அவர்கள் 'ரத்து ஃபினாவை'க் கட்டினார்கள். நம் வாசிப்பில் அவர்கள் ஒரு தீவின் பெயர், அவ்வளவுதான். நாமும் சிறிதாக்கித்தான் வைத்திருக்கிறோம்.

கண்ணாடிப் பெட்டியில் வைக்க விலைக்குக் கேட்டார்களாம். நண்பர் தரவில்லை. நான் போன அன்று ஒரு கட்டு தளர்ந்திருந்தது. நூலை என் கையில் கொடுத்து இறுக்கச் சொன்னார். எனக்கு முடிச்சுப் போட வரவில்லை. எம்.ஏ. தமிழில் அது பாடமாக இல்லை.