மறுத்துப் பேசும் கதைகள்

இரண்டாவது பாஷை ஒன்றைக் கற்க முனைகிறவன் எதை எவ்வளவு சிதைத்துச் சொன்னாலும் அதன் உட்பொருளை ஊகித்து இன்முகத்துடன் பதில் தரும் செயற்கை அறிவுத் துணை வந்துவிட்டதால், வாசகன் தட்டும் வாக்கியத்தைக் கொண்டே நகர்கிற பழைய ஊடாட்டக் கதைகளுக்கு இனி வேலை இல்லை என்ற அபிப்பிராயம் இன்று மிகுந்த செல்வாக்குடன் உலவுகிறது. அது பிழையான அபிப்பிராயம் என்பது என் துணிபு.

ஆரம்ப காலம் யாவரும் அறிந்தது. வில் கிரௌதர் 1970களின் நடுவில் கணினியில் ஒரு குகையை எழுத்தாலேயே அமைத்தார், டான் வுட்ஸ் 1977இல் அதை விரிவாக்கினார், எம்.ஐ.டி.யில் பிறந்த ‘ஜோர்க்’ என்ற கதை இன்ஃபோகாம் நிறுவனத்தின் மூலதனமாயிற்று. 1993இல் கிரஹாம் நெல்சன் ‘இன்ஃபார்ம்’ என்ற கருவியை வெளியிட்டபின் தனி மனிதரும் இத்தகைய கதைகளை இயற்ற முடிந்தது. இவர்களில் எவருக்கும் பாஷைப் பயிற்சி நோக்கமல்ல. ஆயினும், கண்ணெதிரே உள்ள வருணனையைக் கூர்ந்து படித்து, அதில் காரியத்துக்கு உதவும் பொருள் எதுவெனக் கண்டு, அதைக்கொண்டு செய்ய வேண்டியதைத் தானே ஒரு வாக்கியமாக எழுதினாலன்றி கதவு திறக்காது என்ற நிர்ப்பந்தத்தை, எந்தப் பாடநூலும் விதிக்காத அந்த நிர்ப்பந்தத்தை, அவர்கள் வாசகன்மேல் விதித்துவிட்டார்கள்.

அந்த நிர்ப்பந்தத்தின் கல்விப் பயனை முதலில் உணர்ந்தவர்களுள் எம்.ஐ.டி.யின் அதீனா மொழிக்கல்வித் திட்டத்தார் முக்கியமானவர்கள். அவர்களை நாம் மறந்திருப்பது வருந்தத்தக்கது. ஜேனட் மரே தலைமை தாங்கிய அத்திட்டத்தில் ஜில்பெர்த் ஃபுர்ஸ்டன்பெர்க் உருவாக்கி, 1993இல் யேல் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட பிரெஞ்சுப் படைப்பில், பிலிப் என்ற பத்திரிகையாளன் காதலியின் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டுப் பாரிஸில் குடியிருக்க இடம் தேடி அலைகிறான். மாணவன் வாடகை விளம்பரங்களைப் படிக்கிறான். தொலைபேசியில் பதிவாகியிருக்கும் செய்திகளைக் கேட்கிறான். காலியான வீடுகளுக்குள் புகுந்து அறை அறையாகப் பார்க்கிறான். ஒரு செய்தியில் சொன்ன விவரத்தைத் தவறவிட்டால் கதை வேறொரு முடிவை நோக்கித் திரும்பிவிடும். மாணவன் கிரகித்தது சரியா தவறா என்பதை மதிப்பெண்ணால் அல்லாமல் பிலிப்பின் கதியால் அறிவித்த அந்த அமைப்பு, மொழிக்கல்வி வரலாற்றில் உன்னதமான சாதனைகளுள் ஒன்று. லேசர் தட்டில் பதிவாகியிருந்த அது, அத்தட்டை இயக்கும் கருவிகள் வழக்கொழிந்ததும் புழக்கத்திலிருந்து மறைந்தது.

அதற்கும் ஒரு குறை உண்டு. கதை பெரும்பாலும் தேர்வினால் நகர்ந்ததேயன்றி மாணவன் இயற்றிய வாக்கியத்தால் நகரவில்லை. 2009இல் கிறிஸ் கிளைமாஸ் அளித்த ‘ட்வைன்’ கருவியால் பெருகிய, சொடுக்கினால் நகரும் கதைகளுக்கு இக்குறை இன்னும் அதிகம். அவை நல்ல வாசிப்புப் பயிற்சி, அதற்குமேல் ஒன்றுமில்லை. கனடாவில் பிரெஞ்சு வழியிலேயே பாடம் பயின்ற பிள்ளைகளை ஆராய்ந்த மெரில் ஸ்வெயின், பல ஆண்டுகள் கேட்டும் படித்தும் புரிந்துகொள்வதில் தேர்ந்த அவர்கள் பேச்சிலும் எழுத்திலும் இலக்கணத்தில் பின்தங்கியிருந்ததைக் கண்டு, திருத்தமாகச் சொல்லியே தீரவேண்டிய நெருக்கடி அவர்களுக்கு நேராததைக் காரணங்களுள் ஒன்றாக 1985இல் எடுத்துக்காட்டினார். எதையும் புரிந்துகொள்ளும் சம்பாஷணைத் துணையும் அந்த நெருக்கடியை நீக்கிவிடுகிறது. நாம் கேட்டாலன்றி அது பெரும்பாலும் பிழையைப் பொருட்படுத்துவதில்லை.

இதற்கு நேர் எதிரான துருவத்தில் நிற்பது கார்ல் மக்கன்ஹூப்ட் 2001இல் எழுதிய ‘தி காஸ்டாக்’. அதன் இலக்கணம் ஆங்கிலம். பெயர்களும் வினைகளும் முற்றிலும் கற்பிதம். எது பொருள், எது செயல் என்பதை வாக்கியத்தில் அது நிற்கும் இடத்தைக் கொண்டு அனுமானித்து, அந்தச் சொற்களாலேயே கட்டளையிட வேண்டும். கட்டளை பிழையானால் வருகிற மறுப்பும் அதே பாஷையில் வருவதால், தோல்வி ஒவ்வொன்றும் புதிய பாடமாகிறது. விளையாட்டு வடிவில் பாஷைக் கல்வியின் சாரத்தை இவ்வளவு துணிவுடன் காட்டிய நூல் வேறொன்றை நான் அறியேன்.

பழைய கதைகளின் குற்றத்தையும் சொல்லவேண்டும். வினையும் பெயரும் கிடைத்தால் அவை திருப்தியடைந்துவிடும். இலக்கணம் சிதைந்தாலும் கதவு திறக்கும். அதைக் களைவதே இனி நாம் செல்லவேண்டிய திசை. ஜெர்மன் கற்கும் மாணவன் சாவியை எடுக்கச் சொல்லுகையில் ‘டென் ஷ்லுஸல்’ என்பதற்குப் பதில் ‘டெர் ஷ்லுஸல்’ என்று வேற்றுமை தவறித் தட்டினால், கதையில் வரும் வீட்டுக்காரக் கிழவி “டென் ஷ்லுஸலா?” என்று திருப்பிக் கேட்டுவிட்டு, அவன் மறுபடி சொல்லும்வரை சாவியைத் தொடாமல் நிற்கலாம். இதற்குப் புதிய தொழில்நுட்பம் வேண்டியதில்லை. நெல்சனின் கருவி மொழி விதிகளைத் தனிக் கோப்பாகப் பிரித்து வைத்திருப்பதால், ஸ்பானிஷ், இத்தாலியன், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகியவற்றுக்கான விதிகளை அந்தந்த மொழி ஆர்வலர்கள் எப்போதோ எழுதிவிட்டார்கள். மாணவர் எங்கே எந்தப் பிழை செய்வர் என்றறிந்த அனுபவசாலியான ஆசிரியர் ஒருவரை ஒரு நிரலாளரின் அருகே அமர்த்துவதுதான் பாக்கி. சம்பாஷணைத் துணைகளுக்குச் சந்தா கட்டுகிற பல்கலைக்கழகங்கள் அந்தச் செலவையும் ஏற்கவேண்டும்.