சொல்லும் மௌனமும்: வின் ஸ்கல்லியின் வர்ணனை பற்றிய ஒரு நோக்கு

விளையாட்டு வர்ணனையாளனை விமர்சனத்துக்குரிய கலைஞனாகக் கொள்ளும் வழக்கம் எம்மிடையே இல்லை. மேடைப் பேச்சாளன் ஆராயப்படுகிறான், கதாப்பிரசங்கி ஆராயப்படுகிறான், மைதானத்தின் மேல்மாடத்திலிருந்து மணிக்கணக்காகப் பேசுபவனது மொழியோ காற்றோடு போவதாகவே கருதப்படுகிறது. ஆயின், ஒருவர் 67 பருவங்கள் ஒரே குழுவின் ஆட்டங்களை வர்ணித்து, ஒரு மாநகரின் அன்றாட வாழ்வோடு கலந்துவிட்டாரெனின், அவரது சொல் எத்தகையது, அச்சொல்லை உருவாக்கிய சூழ்நிலை எத்தகையது என்னும் வினாக்கள் எழவே செய்யும். அமெரிக்கப் பேஸ்போல் வர்ணனையாளர் வின் ஸ்கல்லி (1927 - 2022) அத்தகையவர்.

நியூயோர்க்கிற் பிறந்த ஸ்கல்லி, சிறுவயதில் உயர்ந்த கால்களையுடைய வானொலிப் பெட்டியின் கீழே படுத்துக் கிடந்து, மைதானத்து மக்களின் ஆரவாரம் தம்மீது பொழிவதை அனுபவித்ததாகப் பலமுறை கூறியுள்ளார். அவரை முதலிற் கவர்ந்தது வர்ணனையாளரின் சொல்லன்று, கூட்டத்தின் ஓசையே என்பதை மனங்கொள்ளல் வேண்டும். ஃபோர்டாம் பல்கலைக்கழகத்திற் பயின்றபின், 1950 இல் புறூக்ளின் டொட்ஜேர்ஸ் குழுவின் ஒலிபரப்பில் றெட் பார்பரின் கீழ்ச் சேர்ந்தார். பார்பர் கண்டிப்பான ஆசான். ஓட்ட எண்ணிக்கையைச் சொல்ல மறவாதிருக்கும்பொருட்டு மூன்று நிமிட மணற்கடிகாரமொன்றைத் தம்முன் வைத்திருந்தவர். சொந்தக் குழுவின்பாற் சாய்தல் ஆகாது என்பது அவரிடமிருந்து ஸ்கல்லி பெற்ற பாடம். தாம் சம்பளம் பெறும் குழுவை “நாங்கள்” என்று சொல்லாதிருப்பது சிறிய விடயமன்று. இன்றும் பலரால் இயலாதது.

1958 இல் குழுவின் உரிமையாளர் வோல்ட்டர் ஓமலி அதனை லொஸ் ஏஞ்சலிசுக்கு இடம்பெயர்த்தார். ஸ்கல்லியின் கலை உருப்பெற்றது அங்கேதான். முதல் நான்கு ஆண்டுகளும் ஆட்டங்கள் நிகழ்ந்த மைதானம் பேஸ்போலுக்கென அமைந்ததன்று. பார்வையாளர் பலர் ஆட்டத்திலிருந்து வெகுதொலைவில் அமர நேர்ந்தது. கண்ணெதிரே நடப்பதை விளங்கிக்கொள்ளவே அவர்கள் திரான்சிஸ்டர் வானொலியைக் கையோடு கொண்டுவந்தனர். நுழைவுச்சீட்டு வருமானம் குறையுமென அஞ்சிய உரிமையாளர் உள்ளூர் ஆட்டங்களைத் தொலைக்காட்சியிற் காட்டவும் மறுத்தார். ஒரு முதலாளியின் வரவுசெலவுக் கணக்கே செவிவழிக் கலையொன்றிற்கு விளைநிலமாயிற்று!

பேஸ்போலில், கிரிக்கெட்டைப் போலவே, ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்குமிடையே நீண்ட இடைவெளியுண்டு. அதனை நிரப்ப இருவர் அமர்ந்து உரையாடுவது பிற்கால வழக்கு. டொட்ஜேர்ஸ் ஒலிபரப்பில் ஸ்கல்லி தனித்தே பேசினார். எனவே அவரது பேச்சு சகவர்ணனையாளனை நோக்காது நேரே கேட்பவனை நோக்கிற்று. ஆட்டக்காரனொருவனது வாழ்க்கையிலிருந்து கதையொன்றைத் தொடங்குவார்; பந்து வீசப்படுகையில் நிறுத்துவார்; விளைவைச் சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வார். கிளைக்கதையில் இறங்கி மூலக்கதைக்கு மீளும் கதாப்பிரசங்கியின் உத்தியை ஒத்தது இது. ஆனால் இங்கு மூலக்கதை எப்போது குறுக்கிடும் என்பது சொல்பவனுக்கே தெரியாது.

1965 செப்டெம்பர் 9 ஆம் திகதி சாண்டி கோஃபக்ஸ் சிக்காகோ குழுவின் 27 பேரையும் ஒருவரேனும் தளத்தை அடையாவண்ணம் ஆட்டமிழக்கச் செய்தார். இறுதி இனிங்சின் வர்ணனை பின்னர் அச்சிலும் வெளிவந்தது. ஸ்கல்லி அதில் உவமைகளை அடுக்கவில்லை. கோஃபக்ஸ் தொப்பியைச் சரிசெய்வது, நெற்றியைத் துடைப்பது, ஆழ்ந்து மூச்செடுப்பது போன்ற சிறு செயல்களைச் சொல்கிறார். இடையிடையே கடிகாரத்தைப் பார்த்து மணியையும் திகதியையும் சொல்கிறார். ஒலிப்பதிவு கோஃபக்சுக்கு நினைவுப் பொருளாகட்டும் என்பதே அவரது எண்ணம். ஆயினும் மணியைச் சொல்லச் சொல்ல, கேட்போருக்கு நேரமே கனத்துவிடுகிறது. ஆட்டம் முடிந்ததும் அரை நிமிடத்திற்கு மேலாக அவர் வாய்திறக்கவில்லை. வானொலிப் பெட்டியின் கீழே கிடந்த சிறுவன் கேட்ட ஆரவாரத்தை மக்களுக்கே திருப்பிக் கொடுத்தார் எனலாம்.

இம்மௌனம் வெறும் உத்தியா, உள்ளடக்கமும் உடையதா? 1974 ஏப்ரல் 8 ஆம் திகதி இதற்கு விடையளிக்கிறது. அற்லாண்டாவில் ஹாங்க் ஆரன் தமது 715 ஆவது ஹோம் ரன்னை அடித்து பேப் றூத்தின் சாதனையை முறியடித்தார். வெள்ளையர் ஒருவரின் சாதனையை நெருங்கியமைக்காக நிறவெறியரின் கொலைமிரட்டல்களைச் சுமந்தவர் ஆரன். ஸ்கல்லி செய்தியைச் சொல்லிவிட்டு நெடுநேரம் மௌனமானார். மீண்டும் பேசியபோது, அமெரிக்காவின் தென்பகுதியிற் கறுப்பினத்தவர் ஒருவருக்கு மக்கள் எழுந்துநின்று கரகோஷம் செய்வதன் பொருளை வெளிப்படையாகவே எடுத்துரைத்தார். எண்ணிக்கைக்குப் பின்னாலிருந்த சமுதாய உண்மையை அக்கணத்திலேயே கண்டு சொன்னமை, அவர் மௌனத்தில் வாளாவிருக்கவில்லை, சிந்தித்தார் என்பதைக் காட்டும்.

எனினும் அவரை முழுமையாகப் போற்றுவோர் மறந்துவிடும் பக்கமொன்றுண்டு. 1962 இல் திறக்கப்பட்ட டொட்ஜேர்ஸ் மைதானம் எழுந்த நிலத்திலிருந்து மெக்சிக்கோ வம்சாவளி மக்கள் வெளியேற்றப்பட்டிருந்தனர். முதலிற் பொது வீடமைப்புக்கென எடுக்கப்பட்ட அந்நிலம் ஈற்றிற் குழுவின் கைக்குச் சென்றது. 1959 இல் கடைசிக் குடும்பங்கள் பலவந்தமாக அகற்றப்பட்டன. அம்மைதானத்தை நகரத்தார் தமது வீட்டு முற்றமாக உணரச் செய்ததில் ஸ்கல்லியின் இனிய குரலுக்குப் பெரும்பங்குண்டு. இனிமை பழைய காயத்தை மறைக்கவும் வல்லது. ஆனால் வெளியேற்றியவர் அவரல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஸ்பானிய மொழியில் ஹைமே ஹரீன் ஆரம்பகாலத்தில் வெளியூர் ஆட்டங்களை ஸ்கல்லியின் ஆங்கில வர்ணனையைக் கேட்டே மொழிபெயர்த்தார். ஆக, அக்குரல் அம்மக்களின் வீடுகளுக்குள்ளும் வேறொரு நாவினூடாகச் சென்றது.

தொழிலாளியின் சட்டைப்பையிலிருந்த சிறு வானொலியால் வளர்ந்த இக்குரலை இறுதியிற் பறித்ததும் வணிகமே. 2014 முதல் டொட்ஜேர்ஸ் ஆட்டங்கள் கட்டணக் கேபிள் அலைவரிசையொன்றுக்கு உரித்தாயின; ஏனைய கேபிள் நிறுவனங்களுடன் விலை பொருந்தாமையால் நகரின் பெரும்பாலான வீடுகளை அவை சென்றடையவில்லை. வானொலியில் ஸ்கல்லியின் குரல் முதல் மூன்று இனிங்சுகளுக்கே கிடைத்தது. எண்பத்தெட்டு வயதில் அவர் ஓய்வுபெற்ற 2016 இல், கடைசி ஆறு ஆட்டங்கள் மட்டும் எல்லோரும் காணக்கூடிய அலைவரிசையில் ஒளிபரப்பப்பட்டன.