வதையின் நடுவே ஹாஸ்யம்

நாவல்களைத் தழுவி எடுக்கப்பட்ட உளவுப் படங்களைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் ஒரு வாதம் தவறாமல் தலைகாட்டுகிறது. உயிர் போகும் தறுவாயிலும் கதாநாயகன் வாயில் ஒரு வேடிக்கை வார்த்தை பிறக்குமானால் அது அவனுடைய மனத்திண்மைக்குச் சான்று, இறுகிப்போன ரசிகனுக்கு ஆறுதல், ஆகவே கலைக்கும் லாபம் என்பது அந்த வாதம். இதற்கு உதாரணமாகப் பெரும்பாலோர் எடுத்துக்காட்டுவது, மார்ட்டின் கேம்ப்பெல் இயக்கி டேனியல் கிரெய்க் ஜேம்ஸ் பாண்டாக நடித்து 2006-ஆம் ஆண்டில் வெளிவந்த 'கேஸினோ ராயல்' படத்தின் சித்திரவதைக் காட்சி. அதைப் புகழ்கிறவர்கள், மூலமான இயான் ஃப்ளெமிங்கின் 1953-ஆம் ஆண்டு நாவலை ஒருமுறையேனும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால், இத்தனை திடமாகப் பேசியிருக்க மாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

உளவுப் படத்தில் சிரிப்புக்கு இடமுண்டு, அதை மறுப்பாரில்லை. 1964-இல் வந்த 'கோல்ட்ஃபிங்கர்' படத்தின் தொடக்கத்தில், எதிரி குளியல் தொட்டியில் மின்சாரம் பாய்ந்து மாண்டதும் ஷான் கானரி உதிர்க்கும் சிலேடையையும், அடுத்த ஆண்டு 'தண்டர்பால்' படத்தில் ஈட்டி தைத்தவனைப் பார்த்து அவர் சொல்லும் சொல்லையும் கேட்டு யாரும் மனம் புண்பட வேண்டியதில்லை; அவை மாயக் கதைகள், அவற்றில் சாகிறவர்கள் பொம்மைகள். 2006-ஆம் ஆண்டுப் படமோ, பொம்மைகளை ஒதுக்கிவிட்டுச் சதையும் ரத்தமுமான ஒரு மனிதனைக் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டு வந்தது. கிரெய்க்கின் நடிப்பில் குறை சொல்வதற்கில்லை. அவர் அலறும்போது அந்த அலறல் மெய்யாகவே இருக்கிறது. குற்றம் அலறலுக்கு அடுத்த கணத்தில் அவர் வாயில் எழுதிவைக்கப்பட்ட வசனத்தில்தான் இருக்கிறது.

நாவலில் நடப்பதென்ன? சூதாட்ட மேஜையில் இழந்த பணத்தை எப்படியாவது மீட்டாக வேண்டிய வில்லன் லெ ஷீஃப், பாண்டின் ஆடைகளைக் களைந்து, இருக்கைப் பின்னல் அறுத்தெடுக்கப்பட்ட பிரம்பு நாற்காலியில் அவனைப் பிணைத்து, கம்பளத்தைத் தூசி தட்டும் பிரம்பு மட்டையால் அடிக்கிறான். அந்த அறையிலும் ஹாஸ்யம் இருக்கிறது. ஆனால் அது வதைபடுகிறவனுடைய உடைமையன்று, வதைக்கிறவனுடைய உடைமை. தறுதலையாகத் திரியும் மகனுக்குப் புத்தி சொல்லும் தகப்பனுடைய குரலில் அவன் பரிவாகப் பேசுகிறான். சிறுபிள்ளை விளையாட்டெல்லாம் முடிந்துவிட்டது என்கிறான். அடிக்கும் அடிக்கும் நடுவே காப்பி ஊற்றிப் பருகுகிறான். அந்தப் பரிவும் அந்தக் காப்பியும் நமக்கு ஊட்டுகிற திகிலை, ஆயிரம் உறுமல்களால் ஊட்டிவிட முடியாது. பாண்டோ, ஒரு கட்டத்துக்குமேல் வலியைத் தவிர வேறெதையும் அறியாதவனாகிப்போகிறான். அவன் பிழைப்பதும் தன் ஆற்றலால் அன்று. லெ ஷீஃபைத் தண்டிக்க வந்த ஸ்மெர்ஷ் என்னும் சோவியத் உளவமைப்பின் கொலையாளி, வந்த காரியத்தை முடித்துவிட்டு, பாண்டைக் கொல்லும்படி தனக்கு உத்தரவில்லை என்ற ஒரே காரணத்தால், உளவாளி என்று குறிக்கும் ரஷ்ய எழுத்தை அவன் கையில் கீறிவிட்டுப் போகிறான். உத்தரவில் பெயர் இல்லாததால் ஒருவன் உயிர் தப்பினான் என்பதில் இருக்கும் கசந்த நகை எந்த வசனகர்த்தாவின் சாமர்த்தியத்துக்கும் எட்டாதது.

படத்தில் மட்டைக்குப் பதிலாக முனையில் முடிச்சிட்ட தடித்த கயிறு வருகிறது. அந்த மாற்றத்தை நான் பொருட்படுத்தவில்லை. ஹாஸ்யம் கைமாறிப்போன மாற்றத்தைத்தான் பொருட்படுத்துகிறேன். தனக்குக் கீழே அரிப்பெடுப்பதாகவும், அடியைச் சற்று வலப்புறமாகப் போடும்படியும் பாண்ட் கேட்கிறான்; பிறகு, லெ ஷீஃப் என்ன வேலை செய்துகொண்டு செத்தான் என்பதை உலகமே அறியப்போகிறது என்று சொல்லிச் சிரிக்கிறான். அரங்கமும் சேர்ந்து சிரிக்கிறது. அந்தக் கணத்திலேயே கட்டுண்டவன் வென்றுவிடுகிறான். கயிற்றைப் பிடித்தவன் தோற்றுவிடுகிறான். படத்திலும் வேறொருவன் வந்து சுட்டுத்தான் பாண்ட் காப்பாற்றப்படுகிறான் என்றாலும், சிரித்து வென்றவனுக்கு அந்த மீட்பு வெறும் சம்பிரதாயமாகத் தோன்றுகிறதேயொழிய, அவமானமாகத் தோன்றுவதில்லை.

இதன் விளைவு அந்த ஒரு காட்சியோடு நின்றுவிடவில்லை. நாவலில் வதைக்குப் பின் பாண்ட் வாரக்கணக்கில் மருத்துவமனையில் கிடக்கிறான். தன் ஆண்மை அழிந்துவிட்டதோ என்று அஞ்சுகிறான். தன்னைக் காண வந்த மாத்திஸ் என்னும் பிரெஞ்சு நண்பனோடு, நன்மையின் பக்கம் எது, தீமையின் பக்கம் எது, காலம் மாறினால் இரண்டும் இடம் மாறிவிடாதா என்று தர்க்கித்து, உத்தியோகத்தையே விட்டுவிடப் போவதாகச் சொல்கிறான். ஃப்ளெமிங் தம் கதாநாயகனை இவ்வளவு ஆழமாகச் சிந்திக்க விட்ட இடம் வேறில்லை என்றே சொல்லலாம். அந்தச் சிந்தனை அடியின் பயன். தோற்றுப்போன உடலிலிருந்து பிறந்த கேள்வி. படமோ அவனைக் கோமோ ஏரிக்கரைத் தோட்டமொன்றில் சாய்வாக அமர்த்திக் காதல் செய்யவிடுகிறது. மாத்திஸ் அங்கேயும் வருகிறான், ஆனால் தர்க்கம் செய்வதற்கன்று, துரோகி என்ற சந்தேகத்தின்பேரில் பாண்டின் கண்ணெதிரே பிடித்துச் செல்லப்படுவதற்கு! கேள்வி கேட்க வேண்டியவன் வதைக்கூடத்திலேயே சிரித்துவிட்டான். பிறகு அவனுக்குக் கேட்பதற்கு என்ன இருக்கிறது? அந்த ஒரு வசனத்தை வாங்குவதற்காக நாவலின் ஆத்மாவையே விலையாகக் கொடுத்துவிட்டார்கள் என்று நான் சொன்னால், அது மிகையென்று தோன்றலாம்; எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இக்கட்டில் அகப்பட்டவர்கள் கேலி பேசித் தங்களைத் தாங்கிக்கொள்வது மனித ஸ்வபாவந்தானே என்பார்கள். மெய்தான். ஆனால் அத்தகைய கேலி நடுங்கும் குரலில் பிறப்பது, பாதியில் உடைந்துபோவது, கேட்டவன் இரங்கிவிடுவானென்றோ கோபித்துக்கொள்வானென்றோ நிச்சயமில்லாதது. திரையிலோ அது ஒருபோதும் குறி தவறுவதில்லை. எதிராளி நிதானம் இழக்க வேண்டிய கணத்தில் இழக்கிறான், ரசிகன் சிரிக்க வேண்டிய கணத்தில் சிரிக்கிறான். தோல்வியே நேராதபடி காட்சியை அமைத்துவிட்டு, அதைத் துணிவென்று கொண்டாடுவது நியாயமாகாது. பிறனுடைய உடல்வலியின் நடுவே நிம்மதியாகச் சிரிக்க ரசிகனைப் பழக்கிய குற்றத்திலிருந்து இந்தப் படத்தை என்னால் விடுவிக்க இயலவில்லை.

நகை என்னும் மெய்ப்பாடு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கின்வழிப் பிறக்கும் என்று வகுக்கிறது தொல்காப்பியம். பாண்டின் நகை எள்ளலில் பிறந்தது. எள்ளுகிறவன் மேலே நிற்கிறான், ஆகையால் அச்சம் கலைந்துவிடுகிறது. பேதைமையில் பிறக்கும் நகை அச்சத்தை வளர்க்கிறது. ரிச்சர்ட் காண்டனின் நாவலிலிருந்து ஜான் ஃப்ராங்கன்ஹைமர் 1962-இல் எடுத்த 'தி மஞ்சூரியன் கேண்டிடேட்' படத்தில், கொரியப் போரில் பிடிபட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் அறிவு மயக்கப்பட்டு, நியூ ஜெர்ஸி ஓட்டலொன்றில் மாதர் தோட்டச் சங்கத்தின் கூட்டத்தில் ஹைட்ரேஞ்சியாச் செடிகளைப் பற்றிய பிரசங்கம் கேட்பதாக நம்பிக்கொண்டு சலிப்போடு அமர்ந்திருக்கிறார்கள். காமிரா வட்டமாகச் சுழன்று வருவதற்குள் சீமாட்டிகள் இருந்த இடத்தில் பகைநாட்டு அதிகாரிகள் இருக்கிறார்கள். கட்டளை பிறந்ததும் ஒருவன் தன் தோழனுடைய கழுத்தை நெரித்துக் கொல்கிறான். மற்றவர்கள் முகத்தில் சலிப்பு மாறவில்லை. அங்கே சிரிப்பும் திகிலும் ஒரே பிறவி.

இதற்கும் முந்தியது, ஜோசஃப் கான்ராடின் 'தி சீக்ரெட் ஏஜெண்ட்' என்னும் 1907-ஆம் ஆண்டு நாவலை ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் 1936-இல் 'ஸபோட்டாஜ்' என்று எடுத்த படம். ஸ்டீவி என்ற சிறுவன் தன் கையிலிருப்பது வெடிகுண்டென்று அறியாமல் லண்டன் வீதியில் போகிறான்; பற்பசை விற்கும் வீதி வியாபாரி ஒருவன் அவனைக் கூட்டத்தின் நடுவே இழுத்துவைத்துப் பல் துலக்கி, தலைக்கு எண்ணெய் தடவி வேடிக்கை காட்டுகிறான்; பிறகு பஸ்ஸில் அவன் பக்கத்து ஆசனத்து நாய்க்குட்டியோடு விளையாடுகிறான். நாமும் புன்னகைக்கிறோம், ஒவ்வொரு புன்னகையிலும் ஒரு நிமிஷம் செலவாகிறதென்பதை அறிந்துகொண்டே. பஸ் வெடித்துச் சிதறுகிறது; சிறுவன் தப்பவில்லை. அவனை வளர்த்த அக்காள், தன் வீட்டை ஒட்டிய சினிமாக் கொட்டகைக்குள் போய், டிஸ்னியின் பறவைக் கேலிச்சித்திரத்தைப் பார்த்துச் சிரிக்கும் குழந்தைகளோடு தானும் ஒரு கணம் சிரித்துவிட்டு, திரையில் பறவை அம்பு பட்டு விழக் கண்டதும் முகம் மாறுகிறாள்.

சிறுவனைக் கொன்றது தவறு என்று ஹிட்ச்காக்கே பிற்காலத்தில் பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவிடம் ஒப்புக்கொண்டார். ரசிகர்களுடைய கோபம் அவரை அப்படிச் சொல்ல வைத்தது. நான் அதை ஏற்கவில்லை. பற்பசைக்காரனைப் பார்த்துச் சிரித்தவர்கள், அந்தச் சிரிப்புக்கு என்ன விலை கொடுக்கப்பட்டதென்று கண்டதும் கோபித்துக்கொண்டார்கள். கான்ராடும் தம் நாவலில் வாசகனை இந்த இடத்துக்குத்தான் வேறு வழியாக அழைத்துவந்தார். அந்தக் கோபத்தைத் தாங்கத் துணிந்த இயக்குநர் பின்னால் வருந்தினாலும், அவருடைய படம் வருந்த வேண்டியதில்லை.