கண்டி நெகட்டிவ்களுக்கு ஏற்ற ஸ்கேனர் எது?

பழைய நெகட்டிவ்களைக் கணினியில் ஏற்ற விரும்பும் எவரும் கடையில் முதலில் கேட்பது "எத்தனை டிபிஐ?" என்றுதான். கடைக்காரரும் பெட்டியில் அச்சிட்ட எண்ணையே காட்டுகிறார். குறைந்த விலையில் நல்ல ஸ்கேனர் தேடுவோரை இந்த வழக்கம் திசைதிருப்பி விடுகிறது. முதலில் பார்க்க வேண்டியது கையில் இருக்கும் பிலிம் எந்த வகை என்பதைத்தான்.

கண்டியிலும் கம்பளை, புசல்லாவை, தெல்தோட்டைப் பக்கங்களிலும் இப்போது அலமாரிகளிலிருந்து வெளிவருபவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, 80களுக்குப் பின் வீடுகளில் எடுத்த 35 மி.மீ. கலர் பிலிம். மற்றது, ஸ்டூடியோக்களில் இரட்டை லென்ஸ் கமராவில் எடுத்த 120 அளவுக் கறுப்பு வெள்ளை நெகட்டிவ். மலையகத் தமிழருக்கு இந்த இரண்டாவது வகை விலைமதிப்பற்றது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்குவதென்றும் முடிவு செய்தது. 1984இல் இந்தியாவுக்கான தலைமன்னார் கப்பல் சேவை நிற்கும்வரை குடும்பம் குடும்பமாகப் பிரிந்து போனார்கள். கடவுச்சீட்டுக்கு எடுத்த படங்களும், பிரியுமுன் ஒன்றாக நின்று எடுத்த குடும்பப் படங்களும் அந்தக் காலத்தவை. அச்சுப்படம் அண்ணனோடு இந்தியா போயிருக்கும், இன்னொன்று தம்பியின் லயத்துச் சுவரில் கரையான் அரித்திருக்கும். இருவருக்கும் பொதுவான நெகட்டிவ் மூடப்பட்ட ஒரு ஸ்டூடியோவின் பெட்டிக்குள் கிடக்கும்.

இந்தப் பின்னணியில் எப்சன் வி600 என்ற பிளாட்பெட் ஸ்கேனரை எடைபோடலாம். பெட்டியில் இருப்பது 6400 டிபிஐ. சுயாதீனச் சோதனைகளில் அது உண்மையில் பிரித்துக் காட்டுவது 1600 அளவுதான். இதைக் கேட்டதும் ஏமாற்று என்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் அவசரப்படத் தேவையில்லை. 35 மி.மீ. சட்டகத்தின் நீண்ட பக்கம் 36 மி.மீ.; 1600இல் அது சுமார் 2270 பிக்சல். ஏழரை அங்குல அகலத்துக்குத் தெளிவாக அச்சிடலாம், சுவரில் பெரிதாக மாட்ட முடியாது. ஆனால் 120 பிலிமில் எடுத்த 6×6 சதுர நெகட்டிவின் பக்கம் 56 மி.மீ.; அதே 1600இல் 3500 பிக்சல், அதாவது ஏறத்தாழ 12 அங்குலச் சதுரப் படம். பின்வரிசையில் நிற்கும் பாட்டியின் தோடும் மூக்குத்தியும் தனித்தனியாகத் தெரிய இது போதும். ஆக, ஒரே இயந்திரம் ஒரு பிலிமுக்குச் சுமார், இன்னொன்றுக்கு நல்லது.

6400இலேயே ஸ்கேன் செய்வதிலும் பயனில்லை. 6×6 கறுப்பு வெள்ளைச் சட்டகம் ஒன்று 16 பிட் ஆழத்தில் 400 மெகாபைட்டை எட்டும். 2400இல் 60 மெகாபைட்டுக்குள் முடிந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் விவரம் எதுவும் குறையாது.

இந்த ஸ்கேனரின் உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. பிலிம் தாங்கியின் உயரத்தை மாற்ற முடியாது, குவியம் நிலையானது. கண்டியின் ஈரக் காற்றில் பல ஆண்டு சுருண்டு கிடந்த பிலிம், தாங்கிக்குள் வைத்தாலும் நடுவில் வில்லாக வளைந்து நிற்கும். ஓரம் கூர்மையாகவும் நடு மங்கியும் வரும். கண்ணாடியில் நேராகப் படுக்க வைத்தால் நியூட்டன் வளையங்கள் எனப்படும் வட்டக் கோடுகள் படத்தில் விழும். கனமான புத்தகங்களுக்கு அடியில் சில நாள் வைத்து நிமிர்த்துவதுதான் செலவில்லாத வழி.

தூசி நீக்கும் அகச்சிவப்பு வசதியும் நம் தேவைக்குப் பாதிதான் உதவும். கலர் நெகட்டிவின் சாயங்கள் அகச்சிவப்புக் கதிரைத் தடுக்காது. தூசியும் கீறலும் தடுக்கும். அதை வைத்தே மென்பொருள் தூசியைக் கண்டுபிடிக்கிறது. கறுப்பு வெள்ளைப் பிலிமில் படமே வெள்ளித் துகள். வெள்ளி அந்தக் கதிரைத் தடுப்பதால் மென்பொருள் முகத்தையே தூசியென்று எண்ணி அழிக்கப் பார்க்கும். அங்கே வசதியை அணைத்துவிட வேண்டும். தூசியைக் காற்றூதும் பந்தால் அகற்றலாம். சிலந்தி வலைபோல் படர்ந்த பூஞ்சையை மட்டும் ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும். முகமும் அதோடு போய்விடும்.

வீட்டில் 35 மி.மீ. மட்டுமே இருந்தால் பிளஸ்டெக் ஒப்டிக்பிலிம் 8100 மேல். 7200 என்று சொல்லி அதில் பாதியளவே தந்தாலும், வி600ஐ விட மிகக் கூர்மையானது. ஒவ்வொரு சட்டகத்தையும் கையால் தள்ள வேண்டும், 120 பிலிம் நுழையவே நுழையாது. பழைய நிக்கோன் கூல்ஸ்கேனைத் தேடுவோரிடம் ஒன்று கேட்பேன்: உற்பத்தி நின்றுபோன அந்த இயந்திரம் பழுதானால் இங்கே யார் பார்ப்பார்? சிறு திரையோடு வரும் மலிவுப் பெட்டிகள் வெறும் ஜேபெக் படம் தருபவை. வட்ஸ்அப்பில் அனுப்ப ஆகும், ஆவணமாகச் சேமிக்க ஆகாது.

நல்ல கமராவும் மேக்ரோ லென்ஸும் எல்ஈடி விளக்குப் பலகையும் இருந்தால் இவை எல்லாவற்றையும் முந்தலாம். 24 மெகாபிக்சல் கமரா 35 மி.மீ. சட்டகத்தை 6000 பிக்சல் அகலத்தில் பிடிக்கும், அதுவும் ஒரு நொடியில். வி600க்குள் அடங்காத ஷீட் பிலிமுக்கும் கண்ணாடித் தகட்டுக்கும்கூட இதுவே வழி. கலியாண வீட்டுப் படப்பிடிப்பாளர்களிடம் கமரா ஏற்கெனவே இருப்பதால் அவர்களுக்குக் கூடுதல் செலவு குறைவு. கமராவைப் பிலிமுக்குச் சரி இணையாக நிறுத்தப் பொறுமை வேண்டும். கலர் நெகட்டிவின் செம்மஞ்சள் அடிநிறத்தை நீக்கப் பயிற்சியும் வேண்டும். பழக்கமில்லாதவர் கையில் இது வி600ஐ விட மோசமான முடிவையே தரும்.

விலைக்கு வருவோம். 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதம் 360ஐத் தொட்டது. 250 டொலர் சாதனம் ஒன்று 50,000 ரூபாயிலிருந்து 90,000க்குத் தாவியது. வரியும் கப்பல் கூலியும் தனி. தோட்டத்துக் குடும்பம் ஒன்று தன்னிடமுள்ள சில பிலிம் துண்டுகளுக்காக இந்தப் பணத்தைச் செலவழிப்பது நியாயமில்லை. வாசிகசாலையோ பாடசாலையோ கோயில் சபையோ ஒரு வி600 வாங்கி ஊருக்குப் பொதுவாக வைத்திருப்பதே சரி. ஸ்கேன் செய்த படங்களை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற கேள்விக்கும் விடையுண்டு. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் 'ஆவணகம்' என்ற இணையக் காப்பகம் படங்களையும் சேமிக்கிறது. கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்தில், லயத்து அறைகளிலேயே, 2007 முதல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இயங்குகிறது.

ஸ்கேன் முடிந்ததும் பிலிமைக் குப்பையில் போடும் வழக்கம்தான் எனக்குப் பெரிய கவலை. இலங்கைப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் 1944இல் மறைந்த பின் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. அச்சுப்படங்களைத் தாண்டி இன்று எவராலும் போக முடியவில்லை. நம்முடைய ஸ்கேனர் 1600 தருகிறது. நாளை வரும் ஒன்று அதே பிலிமிலிருந்து இன்னும் எடுக்கும். ஸ்டூடியோவை மூடுவோரும் பழைய வீட்டை இடிப்போரும் நெகட்டிவ் பெட்டியை எரிக்காதீர்கள். காகித உறையில் இட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதியோடு மூடிய டப்பாவில் வையுங்கள். உங்களால் வைத்திருக்க முடியாவிட்டால், வைத்திருப்பவரிடம் கொடுங்கள்.