ஓயாத ‘ரன்’

ஆங்கிலத்தில் எனக்கு மிகவும் பிடித்த சொல் ‘ரன்’. மூன்றே எழுத்துதான். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காக இதைத் திருத்தி எழுதிய பீட்டர் கில்லிவர், வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்களைப் பிரித்தெடுத்தார். ஒன்பது மாதம் பிடித்ததாம்! அந்த அகராதியின் 1989 பதிப்பில், அதிகப் பொருள் கொண்ட சொல்லாக ‘செட்’தான் முதலிடத்தில் இருந்தது.

குழாயில் தண்ணீர் ‘ரன்’ ஆகும். சளி பிடித்தால் மூக்கும். ஊறவைத்த சிவப்புத் துணியின் சாயம் பக்கத்து வெள்ளைச் சட்டையில் இறங்குவதும் இதுவே. நீராவி எஞ்சின் வந்தபோதும், பின்னால் கணினி வந்தபோதும் ஆங்கிலேயர் இந்தப் பழைய சொல்லையே வேலைக்கு அழைத்தார்கள். தேர்தலில் அமெரிக்கர்கள் ‘ரன்’ செய்வார்கள். பிரிட்டனில் நம்மைப் போலவே நிற்பார்கள்.

எல்லாவற்றிலும் அழகு கிரிக்கெட்டில்தான். உருண்டோடிய பந்து எல்லைக் கோட்டைத் தொட்டுவிட்டால், பேட்ஸ்மேன் ஓரடி ஓடாமலே நான்கு ரன்.