வடவேங்கடமும் அல்ஸ்டர் எல்லையும்

தமிழகத்தின் வடவெல்லைப் போராட்டத்தை அயர்லாந்து மக்களின் எல்லைச் சிக்கலோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே எனல் பொருந்தாது. ஆண்டு எல்லையை அறுத்தது மொழியன்று. சமயச் சார்பும் அதனையொட்டிய அரசியற் பற்றுமேயாம். ஆயினும், எல்லை வகுத்தோர் எதனை அலகாகக் கொண்டனர் என்னும் வினா இரண்டிற்கும் பொதுவாகும்.

1920ஆம் ஆண்டுச் சட்டம் அல்ஸ்டரின் ஆறு மாவட்டங்களை ஒரு தொகுதியாக்கி வட அயர்லாந்து எனப் பிரித்தது. 1911ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி டைரோன், ஃபெர்மனா ஆகிய இரண்டிலும் கத்தோலிக்கரே மிகுதி. தொகுதியே அலகாயினமையின் அம்மிகுதி பயன்படாதொழிந்தது. 1921ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு மக்கள் விருப்பத்திற்கு இடந்தந்தது. எனினும் எல்லைக் குழுத் தலைவர் ஃபீதம், வட அயர்லாந்தின் உருவம் குலைதலாகாது எனப் பொருள் கொண்டார். தொகுதி மீண்டும் வென்றது. டப்ளின் அரசின் சார்பில் அக்குழுவில் அமர்ந்தவர் ஓவன் மக்னீல். 1893இல் கேலிக் மொழிக் கழகம் கண்டோருள் ஒருவர். பண்டை அயர்லாந்து வரலாற்றுப் பேராசிரியர். (கால்டுவெல் பிறந்த ஆண்ட்ரிம் மாவட்டமே இவர்க்கும் பிறப்பிடம்.) அவர்தம் பழம்புலமை அவ்விடத்துத் துணை செய்திலது. 1925 நவம்பரில் குழுவின் முடிவு செய்தித்தாளிற் கசிய, அவர் பதவி துறந்தார். எல்லை இருந்தபடியே நிலைத்தது. அறிக்கை வெளிவந்தது 1969இல்தான்.

இனி நம் எல்லையை நோக்குவோம். 1953இல் சித்தூர் மாவட்டம் முழுதும் ஆந்திரத்தோடு சேர்ந்தது. அதனை எதிர்த்து நின்றோரும் புலமையுடையோரே: ம. பொ. சிவஞானம் சிலப்பதிகாரத்தில் தோய்ந்தவர், மங்கலங்கிழார் தமிழாசிரியர். தொல்காப்பியப் பாயிரம் கூறும் வேங்கடம் இயக்கத்திற்கு உயிர்ச்சான்றாயிற்று. கிளர்ச்சி இன்றேல் படாஸ்கர் நடுவராக வந்திரார் என்பது மறுக்கற்பாலதன்று. ஆனால் நிலத்தை மீட்டுத் தந்தது பாயிரமன்று. சிற்றூரை அலகாகவும் மொழிப் பெரும்பான்மையையும் நிலத்தொடர்ச்சியையும் அளவைகளாகவும் கொண்ட படாஸ்கர் நெறியே. அதனால் 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியும் ஆர்.கே.பேட்டையும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. அந்நெறியாலேயே சென்னை மாநிலத்துச் சிற்றூர்கள் சில ஆந்திரத்திற்குச் சென்றன. பாயிரம் பெயர் சுட்டிய வேங்கடமோ ஆந்திரத்திலேயே நின்றது. வடவெல்லை பற்றிய பாராட்டுரைகள் ஈகத்தைப் பக்கம் பக்கமாக விரித்து, இவ்வலகை ஒரு வரியிற் கடந்து செல்லுதல் பெருங்குறையாம்.

சிற்றூர் என்னும் அலகும் குற்றமற்றதன்று. ஓரூரில் இருமொழியாளர் கலந்து வாழின் பெரும்பான்மை என்னும் அளவை சிறுபான்மையோரை மறைத்துவிடும். ஆர்.கே.பேட்டைப் பக்கத்து ஊர்களில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்குதலை இன்றும் காணலாம்.