பதினோரு திராக்மா

போன சனிக்கிழமை ராத்திரி ஒரு மணிக்கு நான் ஒரு நகரத்தைப் பிடித்தேன். இத்தாலியில், சாம்னைட்டுகளின் ஊர். பிடித்த கையோடு என் கணக்கில் அடிமைகளின் எண்ணிக்கை கூடியது. வரி வருமானமும் ஏறியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா பையன், ‘சூப்பர் மாமா!’ என்றான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. உறுத்தலே அந்தச் சந்தோஷத்தில்தான்.

பயப்படாதீர்கள். கம்ப்யூட்டர் கேம் சமாசாரம். பெயர், இம்பரேட்டர்: ரோம். ஸ்வீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் 2019 ஏப்ரலில் வெளியிட்டது. டுமீல் டுமீல் என்று சுட்டுத் தள்ளுகிற ரகமல்ல. கி.மு. 304-ல் தொடங்கி கி.மு. 27 வரை, மொத்தம் 277 வருஷம், ஒரு நாட்டைக் கட்டி மேய்க்கவேண்டும். ஆட்டம் தொடங்கும்போது அலெக்சாண்டர் செத்து 19 வருஷம். அவருடைய தளபதிகள் சாம்ராஜ்யத்தைப் பங்கு பிரித்துக்கொண்டு, பிரித்த பிறகும் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். பிரிட்டனிலிருந்து சந்திரகுப்த மௌரியரின் இந்தியா வரை ஒரே வரைபடம்.

சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமான வரைபடம். அதைவிடப் பிரமாதம், தளபதிகள். ஒருவன் தொடர்ந்து ஜெயித்தால் சிப்பாய்கள் ரோமை மறந்து அவனுக்கு விசுவாசமாகிவிடுவார்கள். படையை ஒப்படைத்துவிட்டு வாப்பா என்றால் மாட்டேன் என்பான். கி.மு. 49-ல் சீசர் ஏன் ரூபிகான் ஆற்றைத் தாண்டினார் என்பது புத்தகத்தில் படித்தபோது எனக்கு முழுசாகப் புரியவில்லை. இங்கே என் சொந்தத் தளபதி ஒருவன் முறைத்தபோது புரிந்துவிட்டது.

ஆனாலும் ஆட்டம் வந்தபோது ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள். பேச்சுத்திறன், மதம் என்று விதவிதமான சக்திகளைப் புள்ளிகளாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒரு க்ளிக்கில் ஜனங்களை மதம் மாற்றலாம், இடம் மாற்றலாம். இதென்ன மந்திரவாதமா என்றார்கள். நியாயமான கோபம். அதே வருஷம் நிறுவனம் அதை மாற்றியது. ஜனங்கள் மெதுவாக மாற ஆரம்பித்தார்கள். 2021-ல் மேற்கொண்டு வேலை செய்வதையே நிறுத்திவிட்டது. அதன் பிறகும் இன்விக்டஸ் என்ற பெயரில் ரசிகர்களே சேர்க்கைகள் செய்து ஆட்டத்துக்கு உயிர் கொடுத்தார்கள்.

நிற்க. என் புகார் வேறு.

நான் பி.காம். முதல் வருஷம் சொல்லிக்கொடுத்த பாடம்: உள்ளே வருவதைப் பற்று எழுது, வெளியே போவதை வரவு எழுது. ஒரு பக்கம் மட்டும் எழுதினால் அது கணக்கே இல்லை. இந்த ஆட்டத்தில் அடிமைகள் உள்ளே வருகிறார்கள். எங்கிருந்து? பிடித்த ஊரில் ஓர் எண் குறைகிறது. அவ்வளவுதான். ஒரு யூனிட் என்றால் எத்தனை பேர் என்று பையனைக் கேட்டேன். ‘அப்படியெல்லாம் கணக்கு இல்ல மாமா. யூனிட்னா யூனிட்தான்.’

சரித்திரத்தில் கணக்கு இருக்கிறது. கி.மு. 167. மாசிடோனியாவை வென்று திரும்பிய எமிலியஸ் பவுலஸ், எபிரஸ் பகுதியில் 70 ஊர்களை ஒரே நேரத்தில் சூறையாட வைத்தார். 1,50,000 பேர் அடிமைகள். அத்தனை அழிவிலும் ஒரு சிப்பாய்க்குக் கிடைத்த பங்கு 11 திராக்மாதான் என்று எழுதுகிறார் புளூடார்க். மாசிடோனியாவிலிருந்து வந்த செல்வமோ மலை. அதே வருஷத்தோடு ரோமானியக் குடிமகன் நேரடி வரி கட்டுவது நின்றது. அவன் வீட்டுக் கணக்கில் ஒரு செலவு மிச்சம். 1,50,000 பேரை அவன் எந்தப் பக்கத்தில் எழுதியிருப்பான்?

ஆட்டத்தில் செனட்டருக்கு முகம் உண்டு. அப்பா பெயர், பெண்டாட்டி, ஆசை, பொறாமை எல்லாம் உண்டு. வயதானால் தலைகூட நரைக்கிறது. அடிமைக்கு ஓர் எண் மட்டும். இதைச் சொன்னேன்.

பையன் யோசித்துவிட்டு, ‘ரோம்காரனுக்கும் அப்படித்தானே மாமா தெரிஞ்சிருக்கும்?’ என்றான்.

இரண்டாவது வருஷ இன்ஜினீயரிங் படிக்கிற பையன். பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவன் சொன்னது சரி. இந்த ஆட்டத்தின் பெரிய வெற்றியே, ராத்திரி ஒரு மணிக்கு என்னை அசல் ரோமானியனாக ஆக்கியதுதான். ஆனால் அப்படி ஆக்கிவிட்டு, என்ன செய்தாய் பார் என்று ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்க வைத்திருக்கலாம். எண்ணுக்குப் பின்னால் ஒரே ஒரு பெயர் போதும். தளபதியின் முறைப்பை அவ்வளவு நுணுக்கமாக யோசித்தவர்களுக்கு இது முடியாத காரியமல்ல.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். பொறுமை வேண்டும், தூக்கம் போகும்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி உட்கார்ந்தோம். அடுத்த ஊர் முற்றுகை. இந்தமுறை அடிமைக் கணக்கைப் பார்க்காமல் ஆடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஊர் விழுந்தது. என் கண் நேராகப் போனது அந்த எண்ணுக்குத்தான்.